கமடோர் 64-இல் விரிவாக்கக் கருவிகள் ஒத்துப்போகாதபோது பழுதைத் தேடும் முறை

கமடோர் 64-இன் பின்புறத்தில் உள்ள 44 முனை விரிவாக்கப் போர்ட், இயந்திரத்தின் முகவரிக் கம்பிகளையும் தரவுக் கம்பிகளையும் எந்தத் தடுப்பும் இல்லாமல் அப்படியே வெளியே கொண்டுவந்து நிறுத்துகிறது. இன்றைய கணினியில் ஒரு கார்டைச் செருகினால் அதற்கு எந்த முகவரி என்பதை இயந்திரமே பங்கிட்டுக் கொடுத்துவிடும். 1982-இல் சந்தைக்கு வந்த இந்தக் கணினியில் அப்படிப் பங்கிடும் ஏற்பாடு எதுவும் கிடையாது. கார்ட்ரிட்ஜை, அதாவது இந்தப் போர்ட்டில் செருகும் விரிவாக்க அட்டையை, தயாரித்தவர் தமக்கு வசதியான முகவரியை எடுத்துக்கொண்டார். இன்னொரு தயாரிப்பாளரும் அதே முகவரியை எடுத்திருந்தால், இரண்டும் தனித்தனியே நன்றாக ஓடும், சேர்த்துச் செருகினால் ஓடாது. இது தெரியாமல் நல்ல நிலையில் உள்ள கார்ட்ரிட்ஜ்களைக் கெட்டுப்போனவை என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் பலர். இவற்றில் பல இனி யாரும் புதிதாகத் தயாரிக்கப் போகாத பொருட்கள் என்பதால், அப்படி ஒதுக்குவதற்கு முன் முறையாகச் சோதித்துவிடுவது அவசியம்.

சோதனையின் வரிசை முக்கியம். முதலில் வெறும் இயந்திரம், அடுத்து மின்சாரம், பிறகு இணைப்பு முனைகள், அதன் பின் முகவரிகள், கடைசியாகக் காலக்கணக்கு. மின்னழுத்தம் குறைவாக இருக்கும் இயந்திரத்தில் முகவரி மோதலைத் தேடினால் கிடைக்கும் விடை எதையும் நம்ப முடியாது.

வெறும் இயந்திரம் சொல்வது என்ன

மின்சாரத்தை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். டிஸ்க் டிரைவ், பிரின்டர், ஜாய்ஸ்டிக், பின்புறத்தின் இன்னொரு இணைப்பான யூசர் போர்ட்டில் உள்ள மோடம் ஆகிய எதுவும் இருக்கக் கூடாது. இப்போது இயக்கினால் நீலத் திரையில் ‘38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ’ என்ற வரி வர வேண்டும். இந்த எண்ணை வெறும் வரவேற்பு வாசகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இயந்திரத்தின் அடிப்படை நிரலான கெர்னல் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் நினைவகத்தில் 1024-ஆம் முகவரியிலிருந்து மேல்நோக்கி எழுதிப் படித்துப் பார்த்துக்கொண்டே போகிறது. எழுதியது திரும்ப வராத முதல் இடத்தில் நின்றுவிடுகிறது. பழுதில்லாத இயந்திரத்தில் அந்த இடம், பேசிக் மொழியின் ரோம் (படிக்க மட்டுமே முடியும் நினைவகம்) தொடங்கும் 40960. அதிலிருந்து, பேசிக் நிரல்களுக்கான இடம் தொடங்கும் 2049-ஐக் கழித்தால் 38911 வருகிறது.

கார்ட்ரிட்ஜ் ஒன்றைச் செருகியதும் இதே வரியில் 30719 என்று வந்தால், 32768-ஆம் முகவரியில் ரேமுக்குப் பதிலாக வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். இந்த இரண்டையும் தவிர வேறு ஏதாவது குறைந்த எண் வந்தால், அதுவும் எதுவும் செருகாத நிலையிலேயே வந்தால், விரிவாக்கக் கருவியை மறந்துவிட்டு ரேம் சிப்களைப் பாருங்கள். திரை கருப்பாகவே இருந்தால் கமடோரின் 781220 எண்ணுள்ள டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ் உதவும். ரேமில் பழுது இருந்தால் அது திரையை மின்னவிட்டு, எத்தனை முறை மின்னுகிறது என்பதன் மூலம் பழுதுள்ள பிட்டைச் சொல்கிறது. பழைய போர்டுகளில் ஒரு பிட்டுக்கு ஒரு சிப் வீதம் எட்டு 4164 சிப்கள் இருப்பதால், அந்த எண்ணிக்கை நேராக ஒரு சிப்பைக் காட்டிவிடும். 250466, 250469 ஆகிய போர்டுகளில் நான்கு பிட் அகலமுள்ள இரண்டே சிப்கள் இருப்பதால் அது இரண்டில் ஒன்றை மட்டுமே காட்டும்.

வெறும் இயந்திரத்தை அரை மணி நேரமாவது ஓடவிட்டு, சூடேறிய பிறகும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்த பின்பே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

மின்சாரம்

என் கணிப்பில், ஒத்துப்போகாமை என்று பேசப்படுவதில் கணிசமான பங்கு உண்மையில் மின்சாரக் குறைபாடுதான். கமடோர் 64-உடன் வந்த பவர் சப்ளை 5 வோல்ட் நேர்மின்சாரத்தில் 1.5 ஆம்பியர் மட்டுமே தரக்கூடியது. அதில் பெரும்பகுதியை இயந்திரமே எடுத்துக்கொள்கிறது. கமடோரின் தொழில்நுட்பக் கையேடு, விரிவாக்கப் போர்ட்டும் யூசர் போர்ட்டும் சேர்ந்து 5 வோல்ட்டிலிருந்து 450 மில்லியாம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது என்றும், யூசர் போர்ட்டுக்கு மட்டும் 100 மில்லியாம்பியர் என்றும் வரம்பு விதிக்கிறது. ஆனால் இன்று யூசர் போர்ட்டில் செருகப்படும் வைஃபை மோடத்தில் உள்ள சிப், தரவை அனுப்பும் கணத்தில் சில நூறு மில்லியாம்பியரை ஒரே இழுப்பில் எடுக்கும். அதே நேரத்தில் விரிவாக்கப் போர்ட்டில் நினைவகக் கார்ட்ரிட்ஜும் இருந்தால், மோடம் இணைப்பு ஏற்படுத்தும் நொடியில் இயந்திரம் உறைந்துவிடுவதில் வியப்பு எதுவும் இல்லை. பார்ப்பவருக்கு மோடமும் கார்ட்ரிட்ஜும் ஒன்றுக்கொன்று பகை என்று தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் சோறு போதவில்லை.

கமடோருக்கே இந்தக் குறை தெரிந்திருந்தது. அந்நிறுவனம் வெளியிட்ட மூன்று ரேம் விரிவாக்கிகளில் 128 கிலோபைட் கொண்ட 1700-உம், 512 கிலோபைட் கொண்ட 1750-உம் வலுவான பவர் சப்ளை உள்ள கமடோர் 128-ஐ மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. கமடோர் 64-க்கென்று வந்த 256 கிலோபைட் 1764-உடன் கூடுதல் திறனுள்ள பவர் சப்ளையையும் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தார்கள். ஆகவே இவற்றில் எதைப் பயன்படுத்தினாலும் பழைய 1.5 ஆம்பியர் பவர் சப்ளையோடு ஓட்டாதீர்கள்.

மின்னழுத்தத்தை அளக்கும்போது கார்ட்ரிட்ஜைச் செருகி, இயந்திரம் வேலை செய்துகொண்டிருக்கும் நிலையில் அளக்க வேண்டும். கேசட் போர்ட்டின் முதல் முனை தரை, இரண்டாம் முனை 5 வோல்ட். முனைகள் நெருக்கமாக இருப்பதால் மல்டிமீட்டரின் கூர்முனை வழுக்கி இரண்டையும் ஒன்றாகத் தொட்டுவிடாதபடி கவனமாக இருங்கள். மூடியைத் திறந்திருந்தால் 4164 ரேம் சிப்பிலேயே அளக்கலாம். பெரும்பாலான சிப்களுக்கு நேர்மாறாக, அதில் 8-ஆம் முனை 5 வோல்ட்டும் 16-ஆம் முனை தரையும் ஆகும். அளவு 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும். கீழே இறங்கினால் உறைதலும் தானாக மறுதொடக்கம் ஆவதும் ஏற்படும். மேலே ஏறினால் நிலைமை அதைவிட மோசம்: பழைய பவர் சப்ளைகள் பிசின் ஊற்றி மூடப்பட்டவை, உள்ளே உள்ள ரெகுலேட்டர் பழுதாகும்போது மின்னழுத்தம் உயர்ந்து ரேம் சிப்களை எரித்துவிடும். 5.25-ஐத் தாண்டிய அளவைப் பார்த்த உடனே அணைத்துவிடுங்கள். அந்தப் பவர் சப்ளையை மறுபடி இணைக்காதீர்கள். கார்ட்ரிட்ஜ் ஏதும் வாங்குவதற்கு முன்பே நம்பகமான புதிய பவர் சப்ளை ஒன்றை வாங்கிவிடுவதே சரியான வரிசை.

இன்னொரு எச்சரிக்கை. யூசர் போர்ட்டின் 10, 11-ஆம் முனைகளில் 9 வோல்ட் மாறுமின்சாரம் இருக்கிறது. வழிகாட்டிப் பள்ளம் இல்லாத கருவியைத் தலைகீழாகவோ ஒரு முனை தள்ளியோ செருகினால், அந்த மின்சாரம் தரவுக் கம்பிகளுக்குள் பாய்ந்து, அந்தப் போர்ட்டைக் கையாளும் சிஐஏ சிப்பைக் கொன்றுவிடும். எந்தப் போர்ட்டாக இருந்தாலும், மின்சாரம் இருக்கும்போது எதையும் செருகவோ கழற்றவோ வேண்டாம்.

இணைப்பு முனைகள்

இது சுருக்கமான வேலை. கார்ட்ரிட்ஜின் விளிம்பில் உள்ள உலோகப் பட்டைகளை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, இழை உதிராத துணியால் துடையுங்கள். கரடுமுரடான ரப்பரால் தேய்ப்பதைத் தவிருங்கள். மெல்லிய முலாம் போய்விட்டால் திரும்ப வராது. போர்ட்டின் உள்ளே உள்ள வில்முனைகளில் ஏதாவது ஒன்று பின்னோக்கி மடங்கியிருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் போர்டில் 2, 3-ஆம் முனைகளுக்கு வரும் 5 வோல்ட்டைக் கேசட் போர்ட்டில் கிடைத்த அளவோடு ஒப்பிட்டால், இணைப்பு முனையில் எவ்வளவு இழக்கப்படுகிறது என்பது தெரிந்துவிடும். இரண்டு அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

யார் எந்த முகவரியில் இருக்கிறார்

சிக்கலின் மையம் இங்கேதான் இருக்கிறது. விரிவாக்கக் கருவிகளுக்கென்று கமடோர் 64-இல் ஒதுக்கப்பட்ட உள்ளீட்டு வெளியீட்டு இடம் மிகக் குறுகியது: 56832 முதல் 57087 வரை ஒரு பக்கம், 57088 முதல் 57343 வரை இன்னொரு பக்கம். பக்கத்துக்கு 256 முகவரிகள் வீதம் அவ்வளவுதான். இந்த இரண்டு பக்கங்களுக்குள்தான் உலகத்துக் கார்ட்ரிட்ஜ்கள் அத்தனையும் இடம் பிடித்தாக வேண்டியிருந்தது.

கமடோரின் ரேம் விரிவாக்கிகள் மூன்றும் இரண்டாம் பக்கத்தின் தொடக்கமான 57088-இல் தங்கள் பதிவகங்களை (கட்டளைகளையும் நிலையையும் வைக்கும் சிறு நினைவிடங்களை) வைத்துள்ளன. ஜியோராம் என்ற நினைவக விரிவாக்கி முதல் பக்கம் முழுவதையும் தன் நினைவகத்தைக் காட்டும் சாளரமாக எடுத்துக்கொண்டு, இரண்டாம் பக்கத்தின் கடைசி இரண்டு முகவரிகளான 57342, 57343 ஆகியவற்றால் அந்தச் சாளரத்தை நகர்த்துகிறது. ஆக்‌ஷன் ரீப்ளே என்ற பயன்பாட்டுக் கார்ட்ரிட்ஜ் தன் கட்டுப்பாட்டுப் பதிவகத்தை முதல் பக்கத்திலும், தன் ரோமின் ஒரு பகுதியை இரண்டாம் பக்கத்திலும் வைக்கிறது. ஃபைனல் கார்ட்ரிட்ஜின் மூன்றாம் பதிப்பு இரண்டு பக்கங்களையும் தன் ரோமுக்கு எடுத்துக்கொண்டு, 57343-இல் ஒரு பதிவகத்தையும் வைத்திருக்கிறது. ஈஸிஃபிளாஷ் என்ற ஃபிளாஷ் நினைவகக் கார்ட்ரிட்ஜ் 56832-இலும் 56834-இலும் பதிவகங்களையும், இரண்டாம் பக்கத்தில் 256 பைட் ரேமையும் கொண்டது. ஆர்ஆர்-நெட் என்ற ஈதர்நெட் அட்டை முதல் பக்கத்தில் இருக்கிறது. ஸ்டீரியோ ஒலிக்காகச் சேர்க்கப்படும் இரண்டாவது சிட் சிப், 54304-க்கு அமைக்கப்பட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை. 56832-க்கோ 57088-க்கோ அமைக்கப்பட்டால் மேலே சொன்னவர்களில் ஒருவரோடு மோதும்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தால், பல புதிர்கள் காகிதத்திலேயே தீர்ந்துவிடும். ஜியோராமையும் ஃபைனல் கார்ட்ரிட்ஜையும் ஒரே எக்ஸ்பேண்டரில் (ஒரு போர்ட்டில் பல கார்ட்ரிட்ஜ்களைச் செருக உதவும் பலகையில்) செருகியவர், ஜியோராமில் வேறு பகுதிக்கு மாறுவதற்காக 57343-இல் ஓர் எண்ணை எழுதுகிறார். அதே எண்ணை ஃபைனல் கார்ட்ரிட்ஜும் தனக்கு வந்த கட்டளையாக வாங்கிக்கொண்டு, தன் ரோம் பகுதியை மாற்றி, நினைவக அமைப்பையும் புரட்டிப்போட்டுவிடுகிறது. இரண்டு கருவிகளும் தாம் செய்ய வேண்டியதைத் துல்லியமாகச் செய்தன. இயந்திரம் மட்டும் நின்றுபோனது. இந்த இணையை எந்தப் பழுதுபார்ப்பாலும் சேர்த்து ஓட்ட முடியாது. எக்ஸ்பேண்டரின் சுவிட்சால் ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்துவது ஒன்றே வழி.

ஒரு கருவி உண்மையில் தன் முகவரியில் பதில் சொல்கிறதா என்பதை பேசிக்கிலிருந்தே சோதிக்கலாம். எதுவும் செருகாத நிலையில் அந்த முகவரியில் உள்ளதைப் படித்துக் காட்டும் பிரிண்ட் பீக்(57090) என்ற கட்டளையைப் பலமுறை கொடுத்துப் பாருங்கள்; மாறி மாறி வெவ்வேறு எண்கள் வரக்கூடும். அந்த முகவரியில் பதில் சொல்ல யாரும் இல்லாததால், திரையை வரையும் விக் சிப் கடைசியாகப் படித்த பைட்டின் மிச்சமே கம்பியில் தெரிகிறது. ரேம் விரிவாக்கியைச் செருகிய பின், போக் 57090,85 என்று எழுதிவிட்டு அதையே படித்தால் ஒவ்வொரு முறையும் 85 வர வேண்டும். 170-ஐ எழுதினால் 170 வர வேண்டும். இந்த இரண்டு எண்களும் எட்டுப் பிட்களையும் மாற்றி மாற்றி ஏற்றி இறக்குவதால், ஒரு தரவுக் கம்பி மட்டும் தொடர்பற்றுப் போயிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். 57089-இல் மட்டும் எதையும் எழுதிப் பார்க்காதீர்கள். அது கட்டளைப் பதிவகம், தவறான எண் விழுந்தால் விரிவாக்கி உடனே நினைவகத்தை நகர்த்தத் தொடங்கிவிடும்.

விடைகளைப் பிரித்தறிவது எளிது. எழுதியதே திரும்ப வந்தால் விரிவாக்கி சரியாக இருக்கிறது. எண்கள் தாறுமாறாக வந்தால் அது பதில் சொல்லவே இல்லை, ஆகவே முனைகளையும் மின்சாரத்தையும் மறுபடி பாருங்கள். எதை எழுதினாலும் மாறாத ஒரே எண் வந்தால், பெரும்பாலும் வேறொரு கார்ட்ரிட்ஜின் ரோம் அந்த இடத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. ஜியோராமுக்கு இதே முறையைச் சற்று மாற்றுங்கள்: 57342-இலும் 57343-இலும் 0 எழுதிவிட்டு 56832-இல் 85-ஐ வையுங்கள், பிறகு 57342-இல் 1 எழுதி அதே 56832-இல் 170-ஐ வையுங்கள், மீண்டும் 57342-ஐ 0 ஆக்கினால் பழைய 85 தெரிய வேண்டும்.

முகவரிகளைத் தவிர, கேம், எக்ஸ்ரோம் என்ற இரண்டு கம்பிகளும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானவை. எக்ஸ்ரோம் கம்பியில் மட்டும் மின்னழுத்தம் தாழ்ந்தால் 32768-இல் 8 கிலோபைட் ரோம் தெரியும். இரண்டும் தாழ்ந்தால் 16 கிலோபைட் ரோம் தெரிந்து, பேசிக்கின் இடமும் மறைந்துவிடும். கேம் மட்டும் தாழ்ந்தால் அல்டிமேக்ஸ் நிலை: கெர்னலின் இடத்தில் கார்ட்ரிட்ஜின் ரோம் வந்துவிடும், இயந்திரத்தின் ரேமில் முதல் 4 கிலோபைட் மட்டுமே எஞ்சும். இப்போது 8 கிலோபைட் கார்ட்ரிட்ஜ் ஒன்றும் அல்டிமேக்ஸ் கார்ட்ரிட்ஜ் ஒன்றும் சேர்ந்து இருப்பதாகக் கொள்ளுங்கள். முன்னது எக்ஸ்ரோமைத் தாழ்த்துகிறது, பின்னது கேமைத் தாழ்த்துகிறது. இரண்டும் கேட்காத 16 கிலோபைட் நிலைக்கு இயந்திரம் போய்விடுகிறது. கெர்னலின் இடத்தில் இருக்க வேண்டிய ரோம் 40960-இல் போய்த் தெரிகிறது. டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜை எக்ஸ்பேண்டரில் மற்றவற்றோடு சேர்த்துச் செருகிவிட்டு, இயந்திரமே செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். சோதனைக் கார்ட்ரிட்ஜ் எப்போதும் தனியாக, போர்ட்டில் நேரடியாக இருக்க வேண்டும்.

சில கருவிகளில் மோதலைத் தவிர்க்கும் அமைப்பு உள்ளேயே உண்டு. ரெட்ரோ ரீப்ளே என்ற கார்ட்ரிட்ஜில், ரேம் விரிவாக்கிக்கு வழிவிடும் வகையில் இரண்டாம் பக்கத்துக்குப் பதிலாக முதல் பக்கத்துக்கு மாறிக்கொள்ளும் நிலை இருக்கிறது. அதை இயக்கிவிட்டு முதல் பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சீரியல் கம்பியில் உள்ளவை

சீரியல் கம்பி வழியாக இணையும் டிஸ்க் டிரைவ்களின் சிக்கல் வேறு வகை, பெரும்பாலும் எளியது. 1541 டிரைவ் தொழிற்சாலையிலிருந்து 8 என்ற எண்ணோடு வருகிறது. இன்னொரு டிரைவும் 8 ஆக இருந்தால் இரண்டும் ஒரே அழைப்புக்குப் பதில் சொல்லும். 1541-இன் பிந்தைய வடிவத்தில் பின்புறச் சுவிட்சுகளால் எண்ணை மாற்றலாம். டிஸ்க் டிரைவுக்குப் பதிலாக எஸ்டி அட்டையைப் பயன்படுத்தும் எஸ்டி2ஐஇசி போன்ற கருவிகளுக்குள் 1541-இல் உள்ளதைப் போன்ற தனிச் செயலி இல்லாததால், டிரைவுக்குள் தன் நிரலை ஏற்றி ஓட்டும் வேகலோடர்கள் (கோப்புகளை விரைவாக ஏற்றும் நிரல்கள்) பல அவற்றோடு வேலை செய்யாது. கார்ட்ரிட்ஜின் வேகலோடரை அணைத்துவிட்டு ஏற்றிப் பார்ப்பதே சோதனை. டிஸ்க் வேலையை விரைவுபடுத்தும் ஜிஃபிடாஸ் கெர்னல் பொருத்திய இயந்திரத்தில் கேசட் இயங்காவிட்டால் எதையும் கழற்ற வேண்டாம். இடம் போதாமல் கேசட் வசதி அதிலிருந்து நீக்கப்பட்டுள்ளது.

காலக்கணக்கு

மின்சாரமும் முனைகளும் சரியாக இருந்து, முகவரி மோதலும் இல்லாமல், ஒரு கருவி இந்த இயந்திரத்தில் தடுமாறி வேறொரு கமடோர் 64-இல் ஒழுங்காக ஓடினால் மட்டுமே காலக்கணக்கைச் சந்தேகியுங்கள். பால் (PAL) என்ற ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்கான இயந்திரத்தின் கடிகாரம் நொடிக்கு 985248 முறையும், என்டிஎஸ்சி (NTSC) என்ற வட அமெரிக்க முறைக்கான இயந்திரத்தினுடையது 1022727 முறையும் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பின் ஒரு பாதியில் விக் சிப்பும் மறு பாதியில் 6510 செயலியும் கம்பிகளைப் பயன்படுத்துகின்றன. கார்ட்ரிட்ஜ் தன் தரவை ஏறக்குறைய அரை மைக்ரோநொடிக்குள் வைத்துவிட்டு, அடுத்தவருக்காகக் கையை எடுத்துவிட வேண்டும். போர்டுக்குப் போர்டு இந்த விளிம்புகள் சற்றே நகர்கின்றன. சிபி/எம் என்ற வேறோர் இயங்குதளத்தை ஓட்டுவதற்காகக் கமடோரே வெளியிட்ட கார்ட்ரிட்ஜ் தொடக்ககாலப் போர்டுகளில் ஓடி, பிந்தைய பலவற்றில் ஓடாமல் போனது இப்படித்தான். அதைக் கையில் வைத்திருப்பவர் பழுதைத் தேடுவதை விட்டுவிட்டுப் பழைய போர்டு ஒன்றைத் தேடுவது நல்லது. போர்டின் எண் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

இன்றைய ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ்கள் சிலவற்றில் கடிகார விளிம்பைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பு உண்டு. ஒரு படி மாற்றி, நெடுநேரம் ஓடவிட்டு, பிறகே அடுத்த படிக்குப் போங்கள். எக்ஸ்பேண்டர் இருந்தால் அதை நீக்கிவிட்டு நேரடியாகச் செருகிப் பாருங்கள். நீளும் கம்பிகள் சிக்னலை மழுங்கச் செய்கின்றன. தேவையில்லாத இடத்தில் எக்ஸ்பேண்டரைப் பயன்படுத்தாமல் இருப்பதே என் விருப்பம்.

இறுதியாகப் பார்க்க வேண்டியது 906114-01 எண்ணுள்ள பிஎல்ஏ சிப். நினைவகத்தில் யாருக்கு எப்போது இடம் என்று தீர்மானிப்பது அதுவே. 250469 போர்டில் அந்த வேலை 64 முனைச் சிப் ஒன்றுக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. பழைய பிஎல்ஏ அதிகம் சூடாகும், அடிக்கடி பழுதாகும். பேசிக் நன்றாக ஓடி, கார்ட்ரிட்ஜ்கள் மட்டும் ஒன்றுகூட ஓடாத நிலைக்கு இது காரணமாக இருக்கலாம். முன்பு யாராவது அதை மாற்றி, அந்த இடத்தில் ஈப்ராம் (அழித்து மீண்டும் எழுதத்தக்க ரோம்) சிப்பைப் பொருத்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். தர்க்கத்தில் அது சரியான விடையையே தருகிறது. ஆனால் உள்ளீடு மாறும் நேரத்தில் அதன் வெளியீட்டில் நுண்ணிய தடுமாற்றங்கள் தோன்றுவதால், வெறும் இயந்திரம் ஓடும், சில கார்ட்ரிட்ஜ்கள் மட்டும் காரணம் தெரியாமல் உறையும். மூலச் சிப்பின் வேகத்துக்கு ஈடாகச் செய்யப்பட்ட மாற்று பிஎல்ஏ ஒன்றைச் சாக்கெட்டில் வைத்து, இயந்திரம் நன்றாகச் சூடேறும் வரை ஓடவிட்டு, 57090-இல் 85, 170 சோதனையை மீண்டும் செய்யுங்கள். அப்போதும் எழுதியதே திரும்ப வந்துகொண்டிருந்தால் மூடியை மாட்டி முடுக்கிவிடலாம்.